நீலச் சில்லுகளின் தொடை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



போலி என்னும் சொல் கடைத்தெருவில் ஒரு பொருளைத் தருகிறது; இலக்கணத்தில் வேறொரு பொருளைத் தருகிறது. கடைத்தெருவில் போலி என்றால் ஏமாற்று. பித்தளைக்கு முலாம் பூசிப் பொன் என்று விற்பவன் போலி வணிகன். இலக்கணத்திலோ, ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்று, பொருள் சிறிதும் மாறாதிருப்பதே போலி. அறம் என்றாலும் அறன் என்றாலும் ஒன்றுதான். பந்தல் பந்தர் ஆவதால் அதன் நிழல் குறைந்துவிடுவதில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் வசையாகவும் மற்றோரிடத்தில் விதியாகவும் வழங்குவது மொழியின் விளையாட்டுகளுள் ஒன்று.

இவ்விரண்டனுள் எந்தப் பொருளில் போலி என்று கேட்டாக வேண்டிய கைவினை ஒன்று உண்டு. பழைய எகிப்தியர் நீலமும் பச்சையும் கலந்து ஒளிரும் ஒரு செயற்கைப் பொருளைக் கண்டுபிடித்தனர். அதைக் கொண்டு மணி, மோதிரம், காப்பு, கழுத்தணி, தாயத்து ஆகியவற்றைச் செய்தனர். அதே பொருளால் மன்னனின் கல்லறைச் சுவருக்கு ஓடும் செய்தனர். அரசர் குலங்கள் தோன்றுவதற்கு முன்பே தொடங்கிய அத்தொழில் உரோமானியர் எகிப்தை ஆண்ட காலத்திலும் நின்றுவிடவில்லை. கணக்கிட்டால் நான்காயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வாழ்வு அது.

இன்றைய நூலோர் அப்பொருளுக்கு வழங்கும் பெயர் ஃபயான்ஸ் என்பது. இப்பெயரே இரவல் பெயர்தான். இத்தாலியிலுள்ள ஃபயென்சா என்னும் ஊர் மெருகிட்ட மட்கலங்களுக்குப் பேர்போனது. எகிப்தின் மணலிலிருந்து வெளிவந்த நீலப் பொருள்களில் அக்கலங்களின் சாயலைக் கண்ட ஐரோப்பியர், மிகப் பிந்திய ஊரின் பெயரை மிக முந்திய பொருளின்மேல் ஏற்றிவிட்டனர். எகிப்தியர் தாமே வழங்கிய பெயர் செஹெனெத். ‘ஒளிர்வது’ என்பது அதன் பொருள். வேறு எதையோ போன்றது என்ற குறிப்பு அச்சொல்லில் எங்கும் இல்லை என்பதை அவையோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஆயினும் ஃபயான்ஸின்மேல் ஒரு பழி நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. ‘ஏழையின் பெரோசாக் கல்’ என்பதே அப்பழி. பெரோசா என்னும் நீலப்பச்சைக் கல் சீனாய்ப் பாலைவனத்து மலைகளில் வெட்டப்பட்டது. இராசவர்த்தம் என்னும் கருநீலக் கல்லோ ஆப்கானிஸ்தானத்துப் பதக்‌ஷான் மலைகளிலிருந்து பல கை மாறி நீலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. அக்கற்களை வாங்க இயலாதவர்கள் அவற்றின் நிறத்தை மட்டும் வாங்கிக்கொண்டனர் என்பது அப்பழியின் சாரம். இது முழுப்பொய் அன்று. எளியோர் கல்லறைகளில் பொன்னும் கல்லும் கிடைக்காத இடத்தில் இரண்டு மூன்று ஃபயான்ஸ் மணிகள் கிடைப்பது உண்மையே. ஆனால் உண்மையின் ஒரு துண்டு முழு உண்மையாக நடமாடும்போதுதான் ஆய்வு வழுக்குகிறது.

முதலில் அப்பொருள் பிறக்கும் முறையைக் காண்போம். அதைக் காணாமல் அதன் தகுதியைப் பேசுதல் இயலாது.

ஃபயான்ஸில் குயவனின் களிமண் இல்லை. அதன் உடல் பெரும்பாலும் வெண்கல் தூள். நம் ஊர்ப்புறத்துச் சிறுவர் வெங்கச்சங்கல் என்று பொறுக்கி, இருட்டில் ஒன்றோடொன்று உரசித் தீப்பொறி பார்ப்பார்களே, அக்கல்தான். அதைப் பொடித்து, அல்லது மணலை நுண்ணிதாக அரைத்து, சிறிது சுண்ணமும், உவர்க்காரம் அல்லது செடியெரித்த சாம்பலும், செம்பின் துகளும் சேர்த்து நீர்விட்டுப் பிசைவர். இம்மாவு கைக்கு எளிதில் அடங்குவதன்று. வைத்த இடத்தில் விறைப்பாக நிற்கும், கையிலெடுத்துப் பிசையப் பிசைய நெகிழ்ந்து சரியும், வளைத்தால் விரியும். களிமண்ணைப் போல் சக்கரத்தில் ஏற்றி நினைத்தபடி உயர்த்திவிட முடியாது. ஆகவே அதை அச்சில் அழுத்தினர், கத்தியால் செதுக்கினர், மணி வேண்டுமாயின் ஒரு வைக்கோல் தாளையோ நூலையோ சுற்றி உருட்டினர். சூளையில் தாள் எரிந்துபோகும். அது இருந்த இடம் துளையாக எஞ்சும். எரிந்துபோன ஒன்றின் இடத்தில்தான் மாலை கோக்கும் இழை பிற்பாடு நுழைகிறது.

இனி நிகழ்வதே இக்கைவினையின் உயிர். உருவாக்கிய பொருளைக் காற்றில் உலர வைப்பர். ஈரம் வெளியேறும்போது உள்ளே கரைந்திருந்த காரம் அதனோடு மேற்பரப்புக்கு வந்து வெண்மையாகப் படியும். மழைக்காலம் கழிந்தபின் பழஞ்சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோமே, அதுவேதான் இது. பூத்தல் என்னும் சொல் இங்கே உவமையும் அன்று, அணியும் அன்று. தமிழன் தன் வீட்டுச் சுவரைப் பார்த்து அன்றாடம் சொல்லும் சொல். அவ்வாறு பூத்த உப்பு சூளையின் வெப்பத்தில், ஏறத்தாழ 800 முதல் 1000 பாகை வரையிலான சூட்டில், வெண்கல் துகளோடு உருகிக் கண்ணாடிப் படலம் ஆகிறது. செம்பு அப்படலத்துக்கு நீலத்தைத் தருகிறது. மேலே எதையும் பூசவில்லை. ஒளி உள்ளிருந்து வந்தது.

மேலே மெருகைப் பூசிச் சுடும் முறையும் எகிப்தில் இருந்தது. மெருகுத்தூளில் புதைத்துச் சுடும் முறையும் உண்டு. ஆயினும் தானே பூத்து ஒளிபெறும் இம்முறையில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. உலரும் வேளையில் பொருளை விரலால் தொட்டால், பூத்த உப்பு விரலோடு போய்விடும். சூளையிலிருந்து எடுக்கும்போது அவ்விடம் மட்டும் ஒளியின்றி மங்கிக் கிடக்கும். செய்தவன் தன் செய்கை முடிந்ததும் கையை விலக்கிக்கொள்ள வேண்டும். எழுதி முடித்த பாட்டை ஓயாமல் தொட்டுக்கொண்டே இருக்கும் பழக்கமுடைய கவிஞர்கள் இவ்வவையில் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் இதைத் தங்களுக்குச் சொன்னதாகக் கொள்ளவேண்டியதில்லை.

அணிகலன் ஒருபுறம், வழிபாட்டுக்குரிய ஓடு ஒருபுறம் என்று இருவேறு கலைகளாகப் பிரித்துப் பேசுவதே இன்றைய வழக்கம். இப்பிரிவு எகிப்தில் செல்லாது என்பதற்குச் சான்று சக்காராவில் இருக்கிறது.

மூன்றாம் குலத்து மன்னன் ஜோசர் ஏறத்தாழ கி.மு. 2650 அளவில் எழுப்பிய படிக்கூம்பு, கல்லால் ஆன மாபெரும் கட்டடங்களுள் காலத்தால் மிக முந்தியவற்றுள் ஒன்று. அதன் அடியில் பாறையைக் குடைந்து அமைத்த வழிகளும் அறைகளும் 5 கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. நடுவே இறங்கும் குழி ஏறத்தாழ 28 மீட்டர் ஆழமுடையது. அவ்வாழத்தில் சில அறைகளின் சுவர் முழுவதும் நீல ஓடுகளால் போர்த்தப்பட்டிருந்தது. 1821இல் மினுத்தோலி என்பார் தம் குழுவினரோடு அங்கே நுழைந்தபோதுதான் பிற்கால உலகம் அந்நீலத்தை அறிந்தது. கூம்புக்குத் தெற்கே இருந்த மற்றொரு நிலவறையில் இதே போன்ற நீல அறைகளை 1928இல் ஃபிர்த், லோயர் என்னும் இருவர் கண்டறிந்தனர். கட்டடக் கலைஞரான லோயர் 1926இல் சக்காராவுக்கு வந்தவர். 2001இல் மறையும்வரை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த ஒரே கூம்புக்குச் செலவிட்டவர்.

இரண்டிடத்தும் சேர்த்து ஏறத்தாழ 36,000 ஓடுகள் என்று கணக்கிட்டிருக்கின்றனர். ஒவ்வொன்றும் தீப்பெட்டியினும் சற்றே பெரியது. முகப்பு மெல்லப் புடைத்திருக்கும், பின்புறம் தட்டை. அத்தட்டையின் நடுவே ஒரு சிறு குமிழ். அக்குமிழில் ஒரு துளை. சுவரில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி, ஓட்டின் துளையில் கயிற்றைக் கோத்து, சாந்திட்டு அழுத்திப் பொருத்தினர்.

துளையிட்டு, இழைகோத்து, அடுத்தடுத்து நிறுத்துவது மணிக்குரிய வேலை. சுவரில் பதிக்கும் ஓட்டுக்குச் சாந்து மட்டும் போதுமே, துளை எதற்கு? பிடிமானத்துக்கு என்று பொறியாளர் விடை சொல்வர். அது சரியான விடையே. ஆனால் வேறு வழியிலும் பிடிமானம் தேடியிருக்கலாம். மணி செய்து பழகிய கைக்கு, ஒன்றை மற்றொன்றோடு நிறுத்த வேண்டும் என்றவுடன் தோன்றிய வழி கோத்தல்தான். அறையின் சுவர் ஒரு கழுத்து. ஓட்டின் வரிசை ஒரு வடம். 36,000 மணிகளாலான அணியைப் பூமியின் வயிற்றுக்குள் இருளுக்கு அணிவித்தனர் என்று சொல்வது மிகையாகாது.

யாப்பு அறிந்தோர்க்கு இது புதிதன்று. அடிகளில் எழுத்தும் சொல்லும் மோனையாகவும் எதுகையாகவும் இயைந்து வருவதற்குத் தொடை என்று பெயரிட்டனர் நம் முன்னோர். தொடுத்தலால் தொடை. பூமாலைக்கும் அதுவே பெயர். யாப்பு என்ற சொல்லும் கட்டுதல் என்ற பொருளிலிருந்து வந்ததே. செய்யுளைக் கட்டடமாகவும் மாலையாகவும் ஒருங்கே எண்ணிய மொழிக்கு, ஓடு மணியாவதும் மணி ஓடாவதும் விளங்காத புதிர் அல்ல.

அந்த நீலச் சுவர் எதைக் காட்டுகிறது? பாயை. நாணலும் கோரையும் முடைந்த பாயை. மன்னன் உயிரோடிருந்தபோது வாழ்ந்த மனையின் சுவர்களில் பாய்கள் தொங்கின. அவற்றின் முடைச்சலை ஓட்டின் வரிசை காட்டுகிறது. மேலே வெயிலில் நிற்கும் சுண்ணக்கல் கட்டடங்களும் இவ்வாறே. வாயில் மண்டபத்துத் தூண்கள் நாணற்கட்டுகள்போல் செதுக்கப்பட்டவை. கூரைக்கல்லின் அடிப்புறம் வரிசையாக அடுக்கிய மரத்துண்டுகளின் வடிவில் இருக்கிறது. பாதி திறந்தபடி நிற்கும் கதவுகள் கல்லாலானவை. எவராலும் அவற்றை மூடவும் முடியாது, முழுதும் திறக்கவும் முடியாது.

உவமை எப்போதும் உயர்ந்த பொருளை நாடியே வரும் என்பது தொல்காப்பிய உவமவியலின் கருத்து. முகத்துக்கு மதியும், கொடைக்கு மழையும் உவமையாவது அம்முறை. சக்காராவில் அம்முறை தலைகீழாகிறது. மலையை அறுத்தெடுத்த கல் நாணலைப் போல் இருக்க முயல்கிறது. ஒளிரும் நீல ஓடு, காலடியில் விரித்து மிதிக்கும் பாயைப் போல் இருக்க முயல்கிறது. ஏழைப் பொருள் பணக்காரப் பொருளுக்கு வேடமிடுவதே போலி என்றால், பணக்காரப் பொருள் ஏழைப் பொருளுக்கு வேடமிடுவதை என்னவென்பது? நாணல் அழியும், கல்லும் ஃபயான்ஸும் நிற்கும். அழியும் பொருளின் இடத்தில் அழியாத பொருள் வந்து நின்றது. பாய் என்ற பொருள் மாறவில்லை. அறம் நின்ற இடத்தில் அறன் நிற்பதுபோல. இங்கே நிகழ்ந்திருப்பது இலக்கணத்தின் போலி.

இது மன்னனின் கல்லறை; செல்வத்தின் ஆட்டம்; எளிய மணிக்கு இந்நியாயம் பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேடிச் சீனாய்க்குப் போகவேண்டும்.

சீனாயின் தென்மேற்கில் செராபித் எல் காதிம் என்னும் மேட்டுநிலத்தில் பெரோசாக் கல் வெட்டும் சுரங்கங்கள் இருந்தன. அங்கே ஹாதோர் என்னும் பெண்தெய்வத்துக்குக் கோயில் எடுத்தனர். ‘பெரோசாவின் தலைவி’ என்பது அவள் பட்டப்பெயர்களுள் ஒன்று. 1905இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அக்கோயிலை ஆராய்ந்தபோது, நேர்த்திக்கடனாகச் செலுத்திய பொருள்கள் உடைந்து குவியல் குவியலாகக் கிடைத்தன. காப்புகள், வழிபாட்டில் ஒலிக்கும் கிலுகிலுப்பைகள், ஹாதோருக்குரிய கனத்த கழுத்துமணிகளின் பின்தூக்குகள், கலங்கள் ஆகியன அவை. பலவற்றில் மன்னர்களின் பெயர் பொறித்திருந்தது. அவையனைத்தும் ஃபயான்ஸ்.

பெரோசா விளையும் மலையின் உச்சியில், பெரோசாவின் தலைவிக்கு, பெரோசாவைத் தேடி வந்தவர்கள் ஃபயான்ஸைக் கொண்டுவந்து செலுத்தினர். நீலாற்றுச் சமவெளியில் செய்து, கழுதைமேல் ஏற்றிப் பாலையைக் கடந்து சுமந்து வந்து செலுத்தினர். கல் கிடைக்காததால் மாற்றுப் பொருளைப் பயன்படுத்தினர் என்ற வாதம் இந்த ஓரிடத்தில் நிற்கவே முடியாது. கல் காலடியில் கிடந்தது. கல் மன்னனுக்குரியது, தொழிலாளி அதைத் தொடலாகாது என்று மறுப்பவர் உண்டு. ஆனால் செலுத்திய பொருளில் இருப்பது மன்னனின் பெயரே அன்றோ? தனக்குரிய கல்லைத் தெய்வத்துக்குக் கொடுக்க மன்னனுக்குத் தடை என்ன? அவன் கொடுக்க விரும்பியது வெட்டியெடுத்த கல்லை அன்று, ஒளிரச் செய்ததை. நிலம் தந்ததற்கு ஈடாகக் கை செய்ததைக் கொடுத்தான் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அதே இடத்துக் கல்வெட்டொன்று இதற்குத் துணைநிற்கிறது. மூன்றாம் அமெனெம்ஹாத் மன்னனின் ஆறாம் ஆட்சியாண்டில், கி.மு. 19ஆம் நூற்றாண்டில், ஹோருர்ரே என்னும் அதிகாரி ஆட்களோடு சுரங்கத்துக்கு வந்தான். வரக்கூடாத பருவம். கோடை கனன்றது. பெரோசா மலையில் என்றும் இருப்பதுதான், இவ்வெயில் காலத்தில் அதன் நிறம்தான் இராது என்று அனுபவமுள்ளோர் சொன்னார்கள். அவன் உள்ளம் கலங்கியது. ஆயினும் ஹாதோரை நம்பி வேலையைத் தொடங்கினான்; நல்ல நிறமுள்ள கல்லே கிடைத்தது; பின்வருவோர் மனம் தளராதிருக்கத் தன் கதையைக் கல்லில் எழுதி நிறுத்தினான். ஓர் அதிகாரியின் அறிக்கை என்று பார்த்தால் அது அறிக்கை. அச்சத்தின் வரலாறு என்று பார்த்தால் அது இலக்கியம். பெரோசாவின் நிறம் நம்பத்தக்கதன்று என்பது அதை வெட்டியவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதுதான் இங்கே வேண்டிய செய்தி. ஒளியிலும் வெப்பத்திலும் வெளுக்கக்கூடிய கல் அது. சூளையில் பிறந்த நீலத்துக்கோ வெயில் ஒரு பொருட்டன்று. எது மூலம், எது நகல் என்னும் தராசு இவ்விடத்தில் சற்றே ஆடுகிறது.

தாயத்துகளைப் பற்றி இரண்டொரு சொல். இறந்தோர்க்கு உடன்வைக்கும் நூலில், எந்தத் தாயத்தை எந்தப் பொருளால் செய்யவேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒசிரிஸின் முதுகெலும்பாகக் கருதிய தூண் பொன்னால். ஐசிஸின் முடிச்சு செந்நிறக் கல்லால். பாப்பிரஸ் தண்டு பச்சைக் கல்லால். கிடைத்திருப்பவற்றில் மிகப் பல ஃபயான்ஸ். தண்டைப் பச்சை ஃபயான்ஸில் செய்ததில் வியப்பில்லை, நிறமாவது பொருந்துகிறது. ஆனால் சிவப்பாக இருக்கவேண்டிய முடிச்சையும் பச்சையிலும் நீலத்திலும் செய்தார்கள். விதித்த கல்லும் போயிற்று, விதித்த நிறமும் போயிற்று; தாயத்து தாயத்தாகவே இருந்தது. இதனை அறியாமையால் நேர்ந்த பிழை என்று தள்ளுவது எளிது. பச்சையைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லான வாட்ஜ் என்பதே பாப்பிரஸுக்கும் பெயர்; தழைத்தலுக்கும் பெயர். பாப்பிரஸ் நம் கோரையின் இனத்துச் செடி என்பதையும் சேர்த்து எண்ணினால் சக்காராவின் பாய் மீண்டும் கண்முன் வருகிறது. இறந்தவர் மீண்டும் தழைக்கவேண்டும் என்று வேண்டுவோர்க்குத் தழைத்தலின் நிறம் எந்த வடிவத்துக்கும் பொருந்தியது. வாட்ஜ் என்ற ஒரே சொல் பச்சையிலிருந்து நீலத்தின் ஓரம்வரை சென்று மீண்டது. திருமாலை ஒரே மூச்சில் பச்சை என்றும் நீலம் என்றும் கருமை என்றும் பாடிய மரபில் வந்தவர்களுக்கு இதில் முரண் தோன்றாது.

பொன்னில் மூழ்கிய மன்னர்களும் ஃபயான்ஸை விலக்கவில்லை. 1922இல் திறந்த தூத்தங்காமனின் கல்லறையில் பொன்னணிகளோடு பன்னிற ஃபயான்ஸ் கழுத்தணிகளும் இருந்தன. அதற்கு முன்பே, 1907இல், அவன் ஈமச்சடங்கில் எஞ்சிய பொருள்களைப் புதைத்து வைத்த குழியொன்று அதே பள்ளத்தாக்கில் கிடைத்தது. சடங்கில் அணிந்த மலர்க் கழுத்தணிகள் அதில் உலர்ந்து கிடந்தன: பாப்பிரஸ் தாளின்மேல் ஒலிவ இலையும் நீலப்பூவும் சிறு கனிகளும் வைத்துத் தைத்து, அவற்றினிடையே நீல ஃபயான்ஸ் மணிகளையும் கோத்தவை. மெய்ப்பூவும் சூளைப்பூவும் ஒரே இழையில். ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டதாக அத்தொடுத்தவர் எண்ணவில்லை. இரண்டையும் அருகருகே வைத்தார்.

அத்தலைமுறைக்குச் சற்று முன்னர், அகநாத்தன் கட்டிய அமர்னா நகரில் இக்கைவினை உச்சத்தை அடைந்தது. இருபதாண்டு அளவே வாழ்ந்து பாழான நகர் அது. 1891-92இல் அங்கே அகழ்ந்த பெட்ரி, சுட்ட மண்ணாலான சிற்றச்சுகளை ஆயிரக்கணக்கில் கண்டெடுத்தார். தாமரை இதழ், திராட்சைக் குலை, பேரீச்சங்காய், நீலப்பூ என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சு. அவற்றில் அழுத்தி எடுத்த பூக்களைக் கோத்து வாடாத மாலைகள் ஆக்கினர். மன்னர் பெயர் தாங்கிய மோதிரங்களும் அவ்வாறே பிறந்தன. நெடுநாள் அணிந்தால் உடைந்துபோகும் மெல்லிய மோதிரங்கள் அவை; விழாக்களில் மக்களுக்கு வழங்கியிருக்கலாம் என்பர் ஆய்வாளர். அகநாத்தனை வெறுத்த பின்னோர் கல்லிலிருந்து அவன் பெயரையும், அவனை அடுத்து வந்தோர் பெயர்களையும் சுரண்டி எடுத்தனர். குப்பைமேட்டில் கிடந்த உடைந்த மோதிரங்களை எவரும் சுரண்டவில்லை. அக்காலத்து மன்னர் வரிசையை மீட்க முனைந்தபோது பெட்ரிக்குத் துணைநின்ற சான்றுகளுள் அம்மோதிரங்களும் உண்டு. கல் மறந்ததை மலிவுப் பொருள் நினைவில் வைத்திருந்தது.

நீலாற்றுக்கு மட்டுமே உரிய கலை என்று இதனைக் கருதிவிடக்கூடாது. சிந்துவெளி நகரங்களில், கி.மு. 2600 முதல் 1900 வரையிலான காலத்தில், ஃபயான்ஸ் மணியும் வளையலும் செய்தனர். அவர்தம் முறை பற்றிப் பேச வேறோர் அமர்வு வேண்டும். பாரசீகத்துக் கும் நகரில் நீல மணி செய்யும் பட்டறைகளை 1960களில் ஹான்ஸ் வுல்ஃப் என்பார் கண்டு எழுதினார். அங்கே மணிகளை மெருகுத்தூளில் புதைத்துச் சுட்டார்கள். பழைய எகிப்தில் ஒருசாராரேனும் இம்முறையைக் கையாண்டிருப்பர் என்ற கருத்து வலுப்பெற்றது அதன் பின்னரே. அம்மணிகள் யாருக்கு? கழுதைகளுக்கு. கண்ணேறு படாதிருக்கக் கழுதையின் கழுத்தில் கட்டும் மணிகள். மாட்டுக்கு நெற்றிச்சங்கு கட்டும் நாட்டாருக்கு இது சிரிப்பூட்டாது. ஜோசரின் சுவரையும் கும் நகரத்துக் கழுதையின் கழுத்தையும் ஒளிரும் நீலம் ஒரே வகையில் காத்து நின்றது.

ஜோசரின் நீல அறைகள் எவருடைய கண்ணுக்காகவும் செய்யப்பட்டவை அல்ல. சாந்து உலர்ந்தபின் அவற்றை இருளுக்கு விட்டுவிட்டு வாயிலை அடைத்தனர். ஓடுகளின் நடுவே, சுண்ணக்கல் பலகைகளில், மன்னன் தன் வலிமையைப் புதுப்பிக்கும் விழாவில் ஓடிக்கொண்டிருக்கிறான். இருளில் நெடுங்காலம் ஓடினான். அறையின் ஓடுகளில் ஒரு பகுதி கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே அவற்றைக் கோத்து ஒரு சுவர்ப்பகுதியை மீண்டும் நிறுத்தியிருக்கின்றனர். பல ஓடுகள் உலகின் வேறு அருங்காட்சியகங்களில் தனித்தனியே கண்ணாடிக்குள் கிடக்கின்றன; தனியே கிடக்கும் ஓட்டைத் திருப்பிப் பார்க்க வாய்ப்பவர்க்கே அதன் முதுகிலுள்ள துளை தெரியும்.

நீண்ட செப்பனிடலுக்குப் பின் படிக்கூம்பு 2020 மார்ச்சிலும், தெற்கு நிலவறை 2021 செப்டம்பரிலும் பார்வையாளர்க்குத் திறக்கப்பட்டன. படிகளில் இறங்கி உள்ளே போகிறவர் விளக்கொளியில் நீல வரிசைகளைக் காண்கிறார். ஓடு உதிர்ந்த இடங்களில் சுண்ணக்கல் மட்டும் தெரிகிறது. அதில் வரிவரியாக, ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒன்றாக, கயிறு சென்ற பள்ளங்கள்.